திடீரென்று வந்த மனப்பிறழ்வா, மனச்சிதைவா? மிஸ்ஸியைப் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்விகள்

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில் இருபத்தாறு வருடம் தாதியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, இருந்தேன். ஓய்வு பெற்று மலேசியாவின் பினாங்கில், பிறையில் வீட்டோடு இருக்கிறேன் என்று பெயர்தான், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலும், சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதும், கோயிலில் பிரசாத வரிசையிலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து "மிஸ்ஸி, ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்" என்று ஓரமாகக் கூட்டிப் போய்விடுகிறார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பது எப்போதும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் வீட்டு ஆளை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதற்குத்தான் முதல் இடம். இதில் வருகிற ஆட்கள் எல்லாம் இரண்டு மூன்று பேரைக் கலந்து, ஊரும் உறவும் மாற்றி எழுதியது.

மிஸ்ஸி, டாக்டர் சைக்கோசிஸ்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்படின்னா பைத்தியமா?

இல்லை. சைக்கோசிஸ் என்பது ஒரு நிலை, தமிழில் மனப்பிறழ்வு என்கிறார்கள். காய்ச்சல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் டெங்கியா, சளியா, சிறுநீர்த் தொற்றா என்று பார்த்துத்தானே சொல்வார்கள்? இதுவும் அப்படித்தான், பல காரணத்தால் வரும், சிலது வந்த வழியே போய்விடும்.

நடப்பதைப் பொதுவாகச் சொன்னால், யாரும் பேசாதபோது குரல் கேட்கும், சில சமயம் உருவம் தெரியும். நடக்காத ஒன்றை நடப்பதாக உறுதியாக நம்புவார்கள், பக்கத்து வீட்டுக்காரன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறான், டிவியில் செய்தி வாசிப்பவர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது போல. எத்தனை ஆதாரம் காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது. பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடும். அவரைப் பொறுத்தவரை அது நடிப்பும் இல்லை கற்பனையும் இல்லை, உங்களுக்கு என் குரல் கேட்கிற மாதிரியே அவருக்கு அந்தக் குரல் கேட்கிறது.

அப்ப ஸ்கிசோஃப்ரினியா வேற, இது வேறயா?

மனச்சிதைவு என்று தமிழில் சொல்கிற ஸ்கிசோஃப்ரினியாவில் மனப்பிறழ்வு வரும், ஆனால் மனப்பிறழ்வு வந்தவர்கள் எல்லாம் மனச்சிதைவுக்காரர்கள் இல்லை. பிரித்துச் சொல்ல டாக்டர்கள் முதலில் பார்ப்பது நாள்காட்டியை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், குறைந்தது 1 நாள் இருந்து 1 மாதத்துக்குள் முழுசாகத் தெளிந்து, ஆள் பழையபடி ஆகிவிட்டால் அது குறுகிய கால மனப்பிறழ்வு. 1 மாதத்தைத் தாண்டி 6 மாதத்துக்குள் இருந்தால் ஸ்கிசோஃப்ரினிஃபார்ம் என்று ஒரு நடுப்பெயர். 6 மாதத்தையும் தாண்டினால்தான் மனச்சிதைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் கணக்கு கொஞ்சம் வேறு. இரண்டு வாரத்துக்குள் மளமளவென்று ஏறி, 3 மாதத்துக்குள் அடங்கிவிட்டால் அதைத் தீவிர நிலையற்ற மனப்பிறழ்வு என்று வைக்கிறார்கள், மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் 1 மாதம் நீடித்தால் போதும் என்கிறார்கள். அதனால் ஒரு டாக்டர் ஒரு பெயரும் இன்னொருவர் இன்னொரு பெயரும் எழுதினால் உடனே யாரோ ஒருவர் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள், புத்தகம் வேறாக இருக்கலாம்.

வெறும் நாள் கணக்குதானா? ஆளைப் பார்த்தா தெரியாதா?

கொஞ்சம் தெரியும், ஆனால் முதல் நாளில் அடித்துச் சொல்ல முடியாது. திடீர் வகையில், போன வாரம் வரை ஆள் நன்றாக இருந்திருப்பார். வேலைக்குப் போனார், கல்யாணத்தில் பந்தி பரிமாறினார், வாட்சப்பில் காலை வணக்கம் அனுப்பினார். அப்புறம் நாலு நாளில் எல்லாம் தலைகீழ். உணர்ச்சி கொதிக்கும், இப்போது அழுகை, அரை மணி நேரத்தில் பயம், அப்புறம் சிரிப்பு. காலையில் ஒரு கதையை நம்புவார், மாலையில் வேறு கதை. 'எனக்கு என்ன நடக்குது' என்று திகைத்து நிற்கிற பார்வை இருக்குமே, அந்தப் பார்வையை வார்டில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனச்சிதைவு பெரும்பாலும் மெதுவாக நுழையும். பிள்ளைகள் பதின்ம வயது முடிகிற நேரத்திலோ இருபதுகளிலோ, பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும், மாதக்கணக்கில் ஒதுங்க ஆரம்பிப்பார்கள். ஃபாரம் சிக்ஸ் வரை நன்றாகப் படித்த பையன் அறையை விட்டு வரமாட்டான், குளிக்கமாட்டான், கூட்டாளிகள் போன் பண்ணினால் எடுக்கமாட்டான். முகத்தில் உணர்ச்சி மங்கிவிடும், கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில். வீட்டில் 'சோம்பேறி', 'போனையே பார்த்துக்கிட்டிருக்கான்' என்று திட்டிக்கொண்டிருப்பார்கள், குரல் கேட்பது தெரிய வருவது கடைசியில்தான். குரலுக்கு மருந்து ஓரளவு சீக்கிரம் வேலை செய்யும், இந்த ஒதுக்கமும் மந்தமும்தான் நாள் எடுக்கும். குறுகிய கால வகையில் இந்த மங்கல் பொதுவாக இருக்காது, தெளிந்ததும் ஆள் பழைய ஆளாகவே எழுந்து வருவார். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

எந்தத் தேதியில ஆரம்பிச்சதுன்னு டாக்டர் நோண்டி நோண்டிக் கேக்குறாரு. யாருக்கு ஞாபகம் இருக்கு?

மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்தத் தேதியில் இருந்துதான் ஓடுகிறது, அதனால்தான் கேட்கிறார். பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மகளுக்கு இருபத்து மூன்று வயது. பிளாஸ்டிக் பையில் மாற்றுத் துணியோடு, மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த நாள்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். கேஸ் தோம்பு மாற்றுகிற தேதி, பால்காரன் கணக்கு, இடையில் பென்சிலால் 'தூங்கல', 'தூங்கல', 'அப்பா கூப்புடுறாருன்னு சொன்னா', 'சாப்பாடு வேணாங்குறா'. மஞ்சள் கறை பட்ட அந்தத் தாளை டாக்டர் மேசையில் விரித்து வைத்து விரலால் எண்ணினார். தூக்கம் போய் ஒன்பது நாள், குரல் வந்து ஐந்து நாள், தூக்கம் போவதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒன்றுமில்லை. அரை மணி நேரம் கேட்டு வாங்க வேண்டியதை அந்தத் தாள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

தேதி தெரியாவிட்டால் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முன்னாலா பின்னாலா, சம்பளம் போட்ட நாளா, மாமா பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது நன்றாக இருந்தாரா. அதுவே போதும். தெளிந்த தேதியையும் அப்படியே குறித்து வையுங்கள், பின்னால் ஒரு கேள்வியில் அதற்கு வேலை வரும்.

சினிமாவுல காட்டுற மாதிரி ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு இருப்பாங்களா?

இருக்கமாட்டார்கள். அது முற்றிலும் வேறு கோளாறு. ஆய்கன் பிளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் 1908இல் 'பிளவு', 'மனம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை ஒட்டி ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார். நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து போவதைத்தான் அவர் சொன்னார். சினிமாக்காரர்கள் அதை ஆளையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள்.

எதனால வருது மிஸ்ஸி? ஸ்ட்ரெஸ்தானே?

பல சமயம் ஒரு பெரிய அடி முன்னால் இருக்கும். சாவு, விபத்து, கல்யாணம் நின்றுபோவது, பிரசவம். டிஎஸ்எம்-5இலேயே 'பெரிய அழுத்தத்தோடு வந்தது', 'அழுத்தம் இல்லாமல் வந்தது' என்று இரண்டாகக் குறிக்க இடம் இருக்கிறது, அதாவது ஒரு காரணமும் இல்லாமலும் வரும். 'நாங்க என்ன பண்ணினோம்' என்று தேடித் தேடி அம்மாமார் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள், அதை விடுங்கள். பரம்பரைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நான் அதிகம் பயப்படுவது தூக்கத்துக்கு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட், அதன் மேல் ஓவர்டைம், பகலில் வீட்டில் சாவுக்காரியம் என்று நாலைந்து நாள் சரியாகத் தூங்காமல் இருந்துவிட்டு வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் போனதால் நோய் வந்ததா, நோய் வரப்போவதால் தூக்கம் போனதா என்று பிரிப்பது கஷ்டம், ஆனால் எச்சரிக்கை மணி அதுதான்.

பொதுவாகத் திடீர் வகை பெண்களிடம் அதிகம், இந்தியா போன்ற நாடுகளில் மேற்கு நாடுகளை விட அதிகமாகக் காணப்படுகிறது.

தம்பி சியாபு அடிக்கிறான். அதனால வந்துருக்குமா? கஞ்சாவும் கெத்துமும் பரவாயில்லைன்னு சொல்றாங்களே?

சியாபு என்கிற மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருளால் நிச்சயமாக வரலாம். யாரோ துரத்துகிறார்கள், போலீஸ் வேவு பார்க்கிறது, தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்பதெல்லாம் அந்த மருந்தின் கைவேலை. நிறுத்தினால் பலருக்கு சில நாட்களில் வாரங்களில் அடங்கும், சிலருக்கு அடங்காமல் நிற்கும். கஞ்சா பரவாயில்லை என்பது தப்பு, அதுவும் சின்ன வயதிலேயே தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கெத்தும் இலையைக் கொதிக்க வைத்த தண்ணீரை அதிகமாகக் குடித்தும் சிலருக்குக் குழப்பமும் குரலும் வருவதுண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் உருவங்கள் தெரியும், கை நடுங்கும், அது உயிருக்கே ஆபத்து, உடனே அவசரப் பிரிவு.

தம்பி அடிப்பது உங்களுக்குத் தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காரணம் போதைப்பொருள் என்றால் அதற்குப் பெயரே வேறு, குறுகிய கால மனப்பிறழ்வு என்று எழுதமாட்டார்கள், சிகிச்சையும் மாறும்.

மண்டைக் கோளாறுன்னு கூட்டிப் போனா ரத்தம், மூத்திரம், ஸ்கேன்னு எடுக்குறாங்க. எதுக்கு?

போதைப்பொருளுக்கு மட்டும் இல்லை. டெங்கி கடுமையாகி மூளையைத் தொட்டாலும், தைராய்டு தாறுமாறானாலும், லூப்பஸ் இருந்தாலும், ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை அதிகமாகப் போனாலும் இதே மாதிரி ஆகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற ஒரு அழற்சி உண்டு, 2007இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள், இளம் பெண்களுக்கு அதிகம், ஆரம்பத்தில் அசல் மனநோய் போலவே இருக்கும். காய்ச்சல், வலிப்பு, நாள் கிழமை தெரியாத குழப்பம், வயதானவர்களுக்குத் திடீரென்று வருவது, இவை இருந்தால் மனநலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு மாமியார் சொல்றாங்க. போமோகிட்ட கூட்டிப் போகவா?

போமோ என்றால் மந்திரிக்கிற மலாய் வைத்தியர். இந்தக் கேள்விக்கு 'மூடநம்பிக்கை' என்று சொல்லி முகத்தில் அடித்த காலம் எனக்கும் உண்டு. ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது, அவ்வளவுதான். இப்போது நான் சொல்வது இது: கோயிலுக்குப் போங்கள், மந்திரித்த கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஆஸ்பத்திரியை முடித்துவிட்டுப் போங்கள். கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இந்த ஐந்தில் ஒன்றை அந்த ஆள் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. திடீர் வகை தானாகவே சில நாட்களில் வாரங்களில் அடங்கக்கூடியது. மூன்றாவது வாரம் போமோவிடம் போய், நாலாவது வாரம் ஆள் தெளிந்துவிட்டால் பெயர் யாருக்கு? போமோவுக்கு. அடுத்த வீட்டில் ஒரு பையனுக்கு மெதுவாக நுழையும் மனச்சிதைவு வரும்போது 'அங்கே போனோம், சரியாப் போச்சு' என்று இவர்கள் வழிகாட்ட, அந்தப் பையனின் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சிகிச்சை இல்லாமல் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு அது தெளிவதும் கடினமாகிறது.

தைப்பூசத்துல சாமி வருதே, அதுவும் இதுதானா?

இல்லை. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற வழியில் உருமி அடிக்கத் தொடங்கியதும் ஒருவர் ஆடுகிறார், நாக்கு நீட்டுகிறார், குரல் மாறுகிறது, கண் மேலே போகிறது. சுற்றி நிற்கிற யாருக்கும் பயம் இல்லை, ஏனென்றால் அது எங்கே, எப்போது, எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மேலே போய் விபூதி போட்டதும் இறங்கிவிடுகிறது. மறுநாள் அவரே லோரி ஓட்டப் போகிறார், கடன் கணக்கு சரியாகப் பேசுகிறார். இதை எந்த மருத்துவப் புத்தகமும் நோய் என்று எழுதவில்லை, அந்தச் சமூகத்தில் ஏற்றுக்கொண்ட வழிபாட்டை நோய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியது எப்போது? கோயிலும் இல்லை உருமியும் இல்லை, செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருகிறது, விபூதி போட்டாலும் இறங்கவில்லை, நாலு நாளாகத் தூக்கம் சாப்பாடு இல்லை, 'நானே முருகன், என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்று பயத்தோடு சொல்கிறார். சுற்றி இருக்கிற பக்தர்களே 'இது சாமி இல்ல' என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பூசாரி இப்படி வந்த பெண்ணைப் பார்த்து, 'இவளுக்கு சாமியும் இல்ல பேயும் இல்ல, ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ' என்று தன் மகனுடைய காரிலேயே அனுப்பி வைத்தார். அவரை விடப் பெரிய ரெஃபரல் லெட்டர் நான் பார்த்ததில்லை.

அப்பா செத்து ஒரு மாசம் ஆச்சு, ராத்திரியில அவரு என் பேரைக் கூப்பிடுற மாதிரி கேக்குது. எனக்கும் வந்துருச்சா?

அது மட்டும்தான் என்றால் இல்லை. இறந்தவர் குரல் கேட்பது, வாசலில் நிற்பது போலத் தோன்றுவது, இதெல்லாம் துக்கத்தில் நிறையப் பேருக்கு நடப்பது. உங்களுக்கே அது நினைப்பு என்று தெரிகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள். குரல் கட்டளை போட ஆரம்பித்தால், 'என்கூட வந்துரு' என்று சொன்னால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளை பெத்து பத்து நாள்தான் ஆகுது, தங்கச்சி என்னென்னமோ பேசுறா. பத்தியம் சரியில்லாததால ஜன்னி கண்டுருச்சுன்னு பாட்டி சொல்றாங்க. காத்திருக்கலாமா?

ஒரு மணி நேரம் கூட வேண்டாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு இந்த மனப்பிறழ்வு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். குழந்தை தன்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள், அதற்கு ஏதோ சக்தி இருக்கிறது என்பது போல நம்பத் தொடங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. தங்கையையும் குழந்தையையும் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சிகிச்சை கொடுத்தால் நன்றாகத் தெளிகிற வகை இது. ஆனால் அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு கணிசமாக உண்டு, கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். இவர்களில் பலருக்குப் பின்னால் பார்த்தால் பைபோலார் என்ற இருதுருவ நோய் இருப்பது தெரிய வரும்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறான். கூட்டிப் போனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?

இந்த ஊரில் தஞ்சோங் ரம்புத்தான் என்பது ஊர்ப் பெயர் என்பதே மறந்து திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. அங்கே இருப்பது 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இப்போது பெயர் ஹொஸ்பிடல் பஹாகியா, பஹாகியா என்றால் மகிழ்ச்சி. முதல் தடவை இப்படி ஆகிறவர்களை நேராக அங்கே ஏற்றி அனுப்புவதில்லை. பினாங்கு பொது மருத்துவமனையிலும் செபராங் ஜெயாவிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரம் இல்லை என்றால் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி.

வரமாட்டேன் என்றால், 'உனக்கு மண்டை சரியில்ல, வா' என்று கூப்பிடாதீர்கள், யார்தான் வருவார்கள்? 'நாலு நாளா தூங்கல, தூக்கத்துக்கு மட்டும் மருந்து கேட்டு வருவோம்' என்றால் பல பேர் வருவார்கள், அதில் பொய்யும் இல்லை. அவருக்குப் பிடித்த ஆள் ஒருவர், சித்தப்பாவோ கூட்டாளியோ, கூப்பிடட்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போகிறார் என்றால் பேச்சுவார்த்தைக்கு நேரம் இல்லை, 999க்கு அழையுங்கள். மனநலச் சட்டம் 2001இன்படி குடும்பத்தார் விண்ணப்பித்து, டாக்டர் பரிசோதித்துச் சொன்னால் அவர் சம்மதிக்காவிட்டாலும் அனுமதிக்கலாம், போலீஸும் கொண்டுவந்து சேர்க்கலாம். உங்களுக்கே தாங்க முடியவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555.

அவரு சொல்றதுக்கு 'ஆமா'ன்னு சொல்லவா, 'இல்ல'ன்னு சொல்லவா?

இரண்டும் வேண்டாம். 'சாப்பாட்டுல விஷம் இருக்கு' என்றால், 'பைத்தியமா, நான் போடுற சாப்பாட்டுலயா' என்று கத்தினால் நீங்களும் எதிரிப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். 'ஆமா, இருக்கும்' என்றால் அந்த நம்பிக்கைக்கு நீங்களே சாட்சி. 'எனக்கு அப்படித் தெரியல, ஆனா உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு புரியுது' என்று சொல்லுங்கள், பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். மூடிய மைலோ பொட்டலத்தை அவர் கண் முன்னால் பிரித்துக் கலக்கிக் கொடுத்து, அதே கப்பில் நானும் ஒரு வாய் குடித்துக் காட்டி, மூன்று நாள் பட்டினி கிடந்தவரைக் குடிக்க வைத்திருக்கிறேன். வாதாடி யாரையும் தெளிய வைத்ததில்லை.

அப்புறம் டிவியை அணையுங்கள், வந்து பார்க்கிற சொந்தக்காரர்களைக் குறையுங்கள், கத்தியை அடுப்படியில் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். வன்முறை பற்றிக் கேட்பீர்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன், இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிறரை அடிப்பதில்லை, பயந்து ஒடுங்கித்தான் கிடப்பார்கள். தங்களுக்கே கெடுதல் செய்துகொள்ளும் ஆபத்துதான் அதிகம். அந்த முதல் சில நாட்கள் தனியாக விடாதீர்கள்.

மருந்து குடுத்ததும் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்குச்சு. மருந்தே விஷம்தானே?

பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தெரியும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில் முதல் சில நாட்களில், அதுவும் இளம் ஆண்களுக்கு, கழுத்தோ கண்ணோ நாக்கோ இழுத்துக்கொள்ளும். ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் விடும், பென்செக்சால் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்தைக் குப்பையில் போடக் கூடாது. ரிஸ்பெரிடோனிலும் விறைப்பு வரலாம், ஓலன்சாபினில் பசி எடுத்து எடை ஏறும், சர்க்கரையும் ஏறலாம். கால் ஓயாமல் நடக்கத் தோன்றுவதும் பக்க விளைவுதான், நோய் கூடிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அளவைக் குறைப்பார்கள் அல்லது வேறு மருந்து மாற்றுவார்கள், சொன்னால்தானே தெரியும்.

ரெண்டு வாரத்துல நல்லாயிட்டான். இனிமே மருந்து எதுக்கு?

அடிக்கடி சறுக்குகிற இடம் இது. இரண்டு வாரத்தில் தெளிந்தது நல்ல செய்தி, குறுகிய கால வகையாக இருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ஆனால் மருந்து சாப்பிட்டதால் தெளிந்ததா, தானாகத் தெளிந்ததா என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. அதனால் தெளிந்த பிறகும் சில மாதங்கள் கொடுத்து, வேலைக்குப் போய்ப் பழகி, ஒரு சிக்கலும் இல்லை என்றால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். மனச்சிதைவு என்று உறுதியானால் கணக்கு வருடங்களில். தெளிந்த தேதியைக் குறித்து வையுங்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு வேலை இங்கேதான், நிறுத்துவதை அந்தத் தேதியில் இருந்துதான் எண்ணுகிறார்கள்.

முதல்ல சின்ன பிரச்சினைன்னு சொன்னாங்க, எட்டு மாசம் கழிச்சு ஸ்கிசோஃப்ரினியாங்குறாங்க. முதல் டாக்டர் ஏமாத்திட்டாரா?

ஏமாற்றவில்லை. முதல் நாளில் யாராலும் முழுப் படத்தைப் பார்க்க முடியாது, அதனால்தான் 1 மாதம் முடியும் முன்னால் எழுதும் பெயரைப் பல டாக்டர்கள் 'தற்காலிகமாக' என்று சேர்த்து எழுதுகிறார்கள். தொடர்ந்து கவனித்துப் பார்த்த ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி ஒரு தடவையாவது வந்திருக்கிறது. அவர்களில் சிலருக்கு அதே திடீர் வகை, சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்கு பைபோலார் என்று பெயர் மாறும். மீதிப் பாதிக்கு அந்த ஆய்வுக் காலத்தில் மறுபடி வரவில்லை.

பெயர் மாறியதும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. மனச்சிதைவு உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, மருந்தும் ஒத்தாசையும் கிடைத்தவர்கள் கடை வைத்திருக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். நீங்கள் என்னிடம் பேசுகிற இதே மார்க்கெட்டில் காய் விற்கிறார்கள், உங்களுக்குத் தெரியாது.

வேலை போயிடுமா? ஓகேயூ அட்டை எடுக்கலாமா?

எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்து தூக்கம் தரும், டாக்டர் சரி என்று சொல்லும் வரை மோட்டார் சைக்கிளையும் ஃபேக்டரி மெஷினையும் தொடவேண்டாம், இரவு ஷிப்ட்டை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கடிதம் கேட்கலாம். ஓகேயூ என்கிற மாற்றுத் திறனாளி அட்டை நீண்ட நாள் நோய்க்கு, மனநலப் பிரிவில் குறைந்தது இரண்டு வருடமாவது சிகிச்சை பார்த்திருக்க வேண்டும், ஒரு மாதத்தில் தெளிந்தவருக்கு அது பொருந்தாது.

அண்ணனுக்கு ஒரு தடவை வந்துச்சு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், சொல்லணுமா? பரம்பரையா வருமா?

மனச்சிதைவில் பெற்றவர்களில் ஒருவருக்கோ உடன்பிறப்புக்கோ இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம், அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வராது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிலேயே ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது பாதி அளவுக்குள்தான். ஒரு தடவை வந்துபோன குறுகிய கால வகைக்கு இந்தக் கணக்கு இன்னும் லேசானது.

தங்கைக்கு ஒன்றும் இல்லை, அண்ணனின் ஆஸ்பத்திரிக் கதையைத் தாம்பூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கே கல்யாணம் பேசினால் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கட்டி வைத்து, மாத்திரையை ஒளித்துச் சாப்பிட முடியாமல் நிறுத்தி, கல்யாணமாகி ஆறாவது வாரத்தில் வார்டுக்கு வந்த மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், கூட வந்த பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்' என்று சொல்கிற பெரியவர்களை அந்த வராண்டாவில் ஒரு இரவு உட்கார வைக்க வேண்டும்.

மிஸ்ஸி, எனக்குத்தான் அது நடந்தது. என்னென்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கு. மாமி மூஞ்சில எப்படி முழிக்கிறது?

இதைக் கேட்டவர் பட்டர்வொர்த் நாள்காட்டித் தாளில் இருந்த அந்தப் பெண்தான். சில பேருக்கு எல்லாம் மங்கலாகிவிடும், சில பேருக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கும், இந்த இரண்டாவதுதான் கொடுமை. தெளிந்த பிறகு வருகிற வெட்கமும் சோர்வும் பல பேருக்கு உண்டு, சில சமயம் அதுவே மனச்சோர்வாக ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்று நினைப்பு வருகிறது என்றால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள், பிஃபிரெண்டர்ஸ் என்ற உதவி அமைப்பின் 03-7627 2929க்கு அழைக்கலாம், இரவிலும் எடுப்பார்கள்.

மாமியிடம் நீளமாக விளக்கம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். 'அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல மாமி, நான் பேசினது நான் இல்ல' என்று ஒரு வரி, அவ்வளவு போதும். அவள் போய்ச் சொன்னாளாம். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நீ என்னைச் சூனியக்காரின்னு சொன்னதுல பாதித் தெருவுக்குக் கேட்டுச்சுடி' என்றாராம், அப்புறம் அடுப்படிக்குள் போய் அவளுக்குப் பிடித்த சுறாப்புட்டு எடுத்து வந்து வைத்தாராம்.